பள்ளிக்கூடத்துக்கு வராத தம்பி

என் மகள் மூன்றாவது படித்த வருஷம், பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினால் வீட்டுக்குள் போகமாட்டாள். சாவி அவள் பையில்தான் இருக்கும். ஆனாலும் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். மூன்றரை மணிக்கு உட்கார்ந்தால், நான் வேலை முடிந்து வரும் ஆறரை வரைக்கும் அங்கேதான். யூனிஃபார்ம் மாற்றியிருக்க மாட்டாள். மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதி முடித்திருப்பாள். நான் வந்து கதவைத் திறந்த பிறகு, என் பின்னாலேயே உள்ளே வருவாள்.

அவள் அம்மா இறந்து அப்போது எட்டு மாதம். உள்ளே போனால் என்ன பயம் என்று ஒரு தடவை கேட்டேன். "பயம்லாம் இல்லப்பா. உள்ள யாரும் இல்லல்ல, அதான்" என்றாள்.

முடிச்சூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர். அவருக்குப் பல்லாவரத்தில் செருப்புக் கடை. பாய் என்று கூப்பிடுவேன். ஒரு நாள் கேட்டருகே என்னை நிறுத்தினார்.

"இன்னாப்பா, பொண்ணு டெய்லி படியிலயே குந்திகினு கீது. எங்க வூட்ல வந்து டிவி பாருன்னா அதுக்கும் வர்ல. போறவன் வர்றவன்லாம் நான் என்னவோ வூட்டப் பூட்டிட்ட மாதிரி என்னைப் பாக்கறான்."

"சொல்றேன் பாய்" என்றேன். பாயின் மனைவி நல்ல மாதிரி. பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள். கேட்க வேண்டும் என்று இரண்டு முறை அவர்கள் வாசல்வரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாதவனாகவே எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது.

மனைவியின் அக்கா, என் மகளுக்குப் பெரியம்மா, மதுராந்தகத்தில் இருக்கிறார். அவர் கணவருக்கு அங்கே டிபன் கடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார்.

"மாப்ள, அவள எங்கிட்ட விட்ருங்க. என் பொண்ணுங்க ரெண்டோட மூணாவதா இருந்துட்டுப் போகுது. எட்டு வயசுப் பொண்ணு படிக்கட்டுல கெடக்குதுன்னா எனக்குச் சோறு எறங்குமா? தங்கச்சி இருந்தா விட்டிருப்பாளா?"

அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். அவள் மூன்று மணி நேரம் வீட்டுக்குள் தனியாக இருக்கப் பழகிவிட்டால் என்னோடு இருப்பாள். பழகாவிட்டால் போய்விடுவாள்.

தனியாக இருக்கப் பழகுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, என் அம்மா எனக்குச் செய்தது.

அம்மா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தாள். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா லாரியில் போனவர், ஒரு தடவை போய் வரவில்லை. காலையில் அம்மா ரயில் பிடிக்கப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவாள். எனக்கு ஆறு வயது. முதல் நாள் நான் கதவை உதைத்து அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் வந்து நின்றார்களாம். மறுநாள் அம்மா பூட்டுவதற்கு முன்னால் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "தம்பியப் பாத்துக்கோடா. அவன் ரொம்ப பயப்படுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தம்பி கிடையாது. அம்மாவுக்கு நான் ஒருவன்தான். ஆனால் அவள் சொன்ன விதத்தில் விளையாட்டு இல்லை. பால் பொங்குகிறது பார்த்துக்கொள் என்பது போலச் சொன்னாள். பூட்டு விழுந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அவன் இருந்தான்.

தாம்பரத்தில் அப்போதெல்லாம் விமானப்படை விமானங்கள் தலைக்கு மேலேயே சுற்றும். தகரக் கூரை அதிரும். அந்தச் சத்தத்துக்கு முன்பெல்லாம் நான்தான் அலறுவேன். தம்பி வந்த பிறகு, அவன் காதைப் பொத்துவதுதான் என் வேலையாக இருந்தது. இரண்டு கையாலும் காற்றைப் பொத்திக்கொண்டு, "போயிடுச்சு, போயிடுச்சு" என்று சொல்வேன். அவனுக்குப் பல்லி என்றால் ஆகாது. கத்திரிக்காயில் தோலைத் துப்பிவிடுவான். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் கூப்பிட்டாலும் வரமாட்டான். சாயங்காலம் அம்மா வந்ததும், "தம்பி அழுதானா?" என்று கேட்பாள். நான் அன்றைய கணக்கைச் சொல்வேன். நாளெல்லாம் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் அவன் பெயரில் சொல்லிவிடுவேன். அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

நான் மூன்றாவது முடித்த கோடை விடுமுறையில், ஒரு நாள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் லைன் வீட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டு போனார்கள். என் ஜன்னலுக்கு வந்து, "வீட்ல சின்னப் பசங்க யாராச்சும் இருக்காங்களாடா?" என்று கேட்டார்.

"தம்பி இருக்கான் டீச்சர்."

"வயசு?"

"அஞ்சு."

பெயர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "எங்க அவன்?" என்று எட்டிப் பார்த்தார். "தூங்கறான்" என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீளமான கூடம். ஒன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" என்று கீச்சுக் குரல் வந்தது. பிறகு என் தம்பியின் பெயர் வந்தது. பதில் இல்லை. டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். கொஞ்சம் நேரம் விட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அதுவரை அந்தப் பெயரை என் வாயைத் தவிர வேறு வாயில் கேட்டதில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும். தினமும் காலையில் அந்தப் பெயருக்காகவே காத்திருப்பேன். பெயருக்குப் பின்னால் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் அவன் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான், வெட்கத்தில் பதில் சொல்ல மாட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

டீச்சர் என்னைப் பிடித்துக் கேட்டார். காய்ச்சல் என்றேன். அடுத்த வாரம் அம்மை என்றேன். அம்மை என்றதும் டீச்சர் பயந்துபோய், ஞாயிற்றுக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். டீச்சர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டேன் டீச்சர். அவருக்குப் புள்ள இல்ல. அங்கயே படிக்க வச்சுக்கறேன்னாரு. இவன் உங்ககிட்ட சொல்றதுக்கு வெக்கப்பட்டுகினு காய்ச்சல் கீய்ச்சல்னு உளறிகீறான்."

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெத்த மனசு எப்பிடித் தாங்குச்சு?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மாமாவே கிடையாது.

டீச்சர் தெருமுனை திரும்பியதும், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "அம்மையாமே! அவனுக்கு அம்மை போட்டுட்டியேடா பாவி!" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நெஜமாவே குடுத்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, திரிசூலம் மலையில் கல் உடைக்கப் போகும் அவளுடைய அக்கா, அம்மிக் குழவியைப் பழந்துணியில் சுற்றி ஏணையில் போட்டு, பாப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவாளாம். "பயப்படற புள்ளைக்குத் தொணை வச்சா இன்னும் பயப்படும்டா. அது கையில ஒண்ண ஒப்படைச்சிடணும். எங்கக்கா எனக்குப் பண்ணா, நான் உனக்குப் பண்ணேன். இப்ப நீ நாலாவது வந்துட்ட. போதும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். எனக்கு அப்போது பயம் இல்லை. ஆனால் மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெயரைக் கூப்பிடவில்லை. ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு இடைவெளி இல்லாமல் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து குடத்துக்குப் பின்னால் பார்த்தேன். இல்லாத மாமா வீட்டிலிருந்து அவனை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சாயங்காலம் வந்து எதுவும் கேட்கவில்லை. என் பெயரில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அப்படியே பேச்சுக் குறைந்துபோனது என்று நினைக்கிறேன். அஞ்சாவதோடு படிப்பும் நின்றது.

ஜனவரி மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் முந்தின நாள், இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். அவளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் வந்த கதையை மட்டும் விட்டுவிட்டேன். "அந்தத் தம்பி இப்ப நம்ம வீட்லதான் இருக்கான். அவனுக்குத் தனியா இருக்க பயம். நீ சீக்கிரம் போய் அவனப் பாத்துக்கணும்" என்றேன். என் அனுபவத்தால் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன்: "யார்கிட்டயும் சொல்லாத. ஸ்கூல்ல சொல்லவே சொல்லாத."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உன் தம்பின்னா எனக்குச் சித்தப்பாதானே?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் படியில் யாரும் இல்லை. மேலே விளக்கு எரிந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் தட்டியதும், "யாரு?" என்று அதிகாரமாகக் கேட்டுவிட்டுத் திறந்தாள். யூனிஃபார்ம் மாற்றி, முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தாள். இரண்டு வாரம் அப்படியே போனது. பாய்கூட, "இன்னாப்பா மந்திரம் போட்ட?" என்று கேட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் வந்தபோது நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைதான் எடுத்துப் பேசினாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பெரியம்மா எங்கள் வாசலில் நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பாத்ரூம் கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு பிள்ளையை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார்.

"எங்க அவன்?"

"யாருக்கா?"

"உங்க தம்பி! கல்யாணத்துல நாங்க யாரும் பாக்காத தம்பி! தெனம் சாயங்காலம் அவனும் இவளும் கதவ உள்ள தாப்பா போட்டுக்கறாங்களாம். அப்பாதான் கொண்டாந்து விட்டாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாருன்னு பொண்ணு சொல்லுது. ராத்திரி பூரா தூங்கல மாப்ள நான். வயித்துல நெருப்ப வச்ச மாதிரி இருந்துச்சு."

என் அம்மாவாக இருந்தால் அந்த நிமிஷத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். எனக்கு அந்தத் திறமை வரவில்லை. "அப்படி ஒருத்தன் இல்லக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. என் மகள்தான் சொன்னாள்.

"பெரியம்மா, அது நெஜ சித்தப்பா இல்ல. நெனச்சுக்கற சித்தப்பா. அப்பா சின்ன வயசுல நெனச்சுக்கிட்டது. இப்ப எனக்குக் குடுத்திருக்காரு."

பெரியம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி குடுங்க மாப்ள" என்றார். குடித்துவிட்டுச் சிரித்தார், சிரிப்பில் அழுகையும் கலந்து வந்தது. "போலீஸக் கூட்டிட்டு வரணும்னு உங்க சகலை சொன்னாரு. நான்தான் மொதல்ல பாத்துட்டு வரேன்னேன்" என்றார். பிறகு, பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, விளையாட்டாகத்தான் கேட்டார்.

"சரி, உன் சித்தப்பா இன்னாதான்டி பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ணமாட்டாரு. செவுத்தோரமா ஒக்காந்திருப்பாரு. பேசவே மாட்டாரு. நான்தான் எல்லாம் பேசணும். நம்ம அப்பா மாதிரி."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பி என்னிடம் நாளெல்லாம் பேசியவன். கத்திரிக்காய்த் தோலுக்குச் சண்டை போட்டவன். அவளுக்கு நான் கொடுத்தது வேறு யாரையோ.

பெரியம்மா என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, கிளம்பும்போது, "மாப்ள, நீங்க வர்ற வரைக்கும்தான் இவ தனியா இருக்கான்னு நெனச்சேன். வந்தப்புறமும் அப்பிடித்தான் இருக்கா" என்றார். முழுப் பரீட்சை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மூன்று மாதம் இருந்தது. நான் அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்கிறேன். மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, குழாய் பார்ப்பது. மனிதர்களைவிடக் குழாய்களோடுதான் அதிக நேரம். இருந்தாலும் தினமும் ஏதாவது பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"இன்னிக்கு ரெண்டாவது பிளாக் மோட்டார் புகைஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"சரி பண்ணிட்டேன்."

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்கு அதற்கு மேல் இருக்காது. சில நாள் அவளே இரக்கப்பட்டு, தன் வகுப்புக் கதையை ஆரம்பிப்பாள். எனக்கு அது சந்தோஷமாக இருக்கும். ஆனால் "ம்" கொட்டுவதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று தெரியாது. பயம் என்ற ஒன்றுக்குத்தான் எங்கள் குடும்பத்தில் மருந்து இருந்தது. அதைத்தான் கைமாற்றிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். தனிமைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மே மாதம் பெரியம்மா வந்தபோது, முடிவை நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் பிள்ளையை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். "உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாதவன், அவளுக்கு என்ன வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டேன். இங்கேதான் என்று சொல்வாள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவள் நெடுநேரம் கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா வீட்டுக்குப் போறேம்ப்பா. அங்க எல்லாரும் கத்திக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. நீ கோச்சுக்குவியா?"

"இல்லம்மா" என்றேன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரல் உடைந்திருக்கும். நல்லவேளை, நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

இப்போது அவள் ஆறாவது படிக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் மதுராந்தகம் போவேன். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளே போன் செய்வாள். சுற்றிலும் பாத்திரச் சத்தம், அக்காக்களின் சண்டை. "இருப்பா, வெளிய வரேன்" என்று சொல்லி வாசலுக்கு வருவாள். எனக்காகச் சத்தத்தை விட்டு வெளியே வருகிறாள். ஆகையால் வெறும் கையோடு பேசக் கூடாது என்று காலையிலிருந்தே சேர்க்கிறேன். மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற சார் காக்கையோடு போட்ட சண்டை. லிஃப்ட் மிதியடியில் படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடாத நாய். ஒன்றும் நடக்காத நாட்களும் இருக்கின்றன.

நேற்று அப்படி ஒரு நாள். போனை எடுத்துவிட்டேன், சொல்ல எதுவும் இல்லை. "தரைத்தொட்டியில ஒரு தவளை இருக்கு" என்றேன். அங்கே தவளை எதுவும் இல்லை. "நான் மோட்டார் போடப் போனா, கையக் கட்டிக்கிட்டு, இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு சொல்லுது."

"அப்பா, பொய்தானே?"

"ஆமா."

"சரி, சொல்லு. நீ இன்னா சொன்ன?"

வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து அது அந்தத் தொட்டியில்தான் குடியிருக்கிறது, குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டுக்கூடக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் சிரித்தாள். அதற்குள் உள்ளேயிருந்து, "ஏய், தட்டுல போட்டாச்சு, ஆறிடும்" என்று யாரோ கத்தினார்கள். "வரேம்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

தவளையின் கதை, அது சங்கத் தலைவரோடு பேசப்போன இடத்தில் நின்றது. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி எடுத்துக் கழுவினேன்.